மூன்று ராஜாக்களின் தாடி

பிராக்டன், மாசசூசெட்ஸ்
23 நவம்பர் 1953

ஆல்டோனாவுக்கு,

பார்சலை இன்று அனுப்பிவிட்டேன். ரயில்வே பார்சல் ஆபீஸில் அந்தக் குமாஸ்தா, "உள்ள என்ன சாமான்?" என்றான். "ஷூ சாமான்" என்றேன். முழுக்கப் பொய் இல்லை. உன் மார்வில்லைகளுக்கு அடித்தோல், எங்கள் ஃபாக்டரியில் பெண்கள் ஷூவுக்கு உள்பக்கம் வைக்கிற ஆட்டுக்குட்டித் தோல்தான். வெட்டு மேசையில் மிஞ்சியது. உடம்போடு உட்காரும், வேர்வையைக் குடிக்கும், ஓரம் உறுத்தாது. மேடையில் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தபின் கடைசியில் உன்மேல் மிஞ்சி நிற்பது இந்த இரண்டு வில்லைதான் என்னும்போது, அதையாவது உருப்படியாகச் செய்ய வேண்டாமா?

கல் ஒட்ட மூன்று பசை போட்டுப் பார்த்தேன். மீன் பசை வேர்வையில் கரைகிறது. தச்சர்கள் காய்ச்சுகிற தோல் பசை கல்லாக இறுகிவிடுகிறது, நீ குலுங்கினால் தோல் மடியும், கல் தெறிக்கும். குழாயில் வரும் கண்ணாடிப் பசைதான் சரி. ஆனால் அதைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தாலும் கல்லின் முதுகில் இருக்கும் வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும், கல் குருடாகிப் போகும். குண்டூசி முனையால்தான் தொட்டு வைத்தேன். இடுக்கியால் கல்லை எடுக்காதே, கீறும். தீக்குச்சி நுனியில் தேன்மெழுகு உருட்டி வைத்துக்கொள், கல் தானாக வந்து ஏறும். வில்லையில் தொங்கும் குஞ்சத்துக்குத் தூண்டில் கயிற்றில் போடும் சுழல் வளையம் வைத்திருக்கிறேன். இனி எவ்வளவு சுற்றினாலும் முறுக்கிக்கொள்ளாது.

இதையெல்லாம் அடுப்படி மேசையில், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் செய்கிறேன். எதிர்வீட்டு பெத்ரோனெலா அம்மாள் நேற்று மாதா கோவில் வாசலில் பிடித்துக்கொண்டாள். "என்னப்பா, உன் பொண்டாட்டி இன்னுமா ஊர் ஊராப் போய்த் தையல் மெஷின் விக்கிறா? வித்து முடியலையா?" என்றாள். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தத் தையல் மெஷின் கதையைக் கட்டிவிட்ட நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை.

காஸிஸ்


பஃபலோ, நியூயார்க்
3 டிசம்பர் 1953

என் அன்புக் காஸிஸ்,

பார்சல் வந்தது. ஒப்பனை அறையே என் மேசையைச் சுற்றி நின்றது. டாட்டி, என் பக்கத்துக் கண்ணாடிக்காரி, ஒரு வில்லையை எடுத்து விளக்கில் காட்டி, "அடியே, இது கல்லா, தேனா? எவன்டி உனக்கு இப்படிச் செஞ்சு குடுக்கிறான்?" என்றாள். "எவனும் இல்ல, எவள். பாஸ்டன்ல ஒரு மேடம். மேடம் காஸிமிரா" என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது. கோபித்துக்கொள்ளாதே. இப்போது நான்கு பேர் மேடத்திடம் ஆர்டர் கொடுக்கத் துடிக்கிறார்கள். டாட்டிக்குச் சிவப்புக் கல் வேண்டுமாம். மேடத்துக்கு மூட்டுவலி, புது வாடிக்கை எடுப்பதில்லை என்று தட்டிக் கழித்தேன்.

சுழல் வளையம் அபாரம். குஞ்சம் எதிரெதிர்ப் பக்கமாகச் சுற்றும்போது டிரம் அடிக்கிறவன் தாளத்தை மறந்துவிடுகிறான்.

இப்போது முக்கியமான விஷயம். வில்லையைத் தோலில் ஒட்டுகிற ஸ்பிரிட் கம், பாட்டிலில் அடிமட்டம்தான் இருக்கிறது. இந்த ஊர்ச் சரக்கு எனக்கு ஆகாது என்று உனக்கே தெரியும், போட்ட இடம் வெந்துபோகும். பாஸ்டனில் வாஷிங்டன் தெரு நாடகச் சாமான் கடையில் அந்தக் கிழவர் கலந்து கொடுப்பது ஒன்றுதான் என் தோலுக்கு ஒத்துவருகிறது. ஜனவரியில் டொலீடோ. அதற்கு முன்னால் எப்படியாவது வாங்கி அனுப்பு.

டொலீடோவில் சட்டம் கெடுபிடி. டிக்கெட் கொடுக்கிற அம்மா காலடியில் ஒரு மிதி வைத்திருப்பாள். அதிகாரி உள்ளே நுழைந்தால் மிதிப்பாள். மேடை ஓர விளக்குகளுக்கு நடுவே ஒரு சிவப்பு விளக்கு எரியும். உடனே நாங்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகள் ஆகிவிடுவோம். அங்கே பேர் கெடாமல் ஆடி முடித்தால் மார்ச்சில் பாஸ்டன் உண்டு என்று மேனேஜர் ஹெஸ் சொல்லியிருக்கிறார். பாஸ்டன் என்றால் சனிக்கிழமை உன்னோடு உருளைக்கிழங்குக் குகெலிஸ் சாப்பிடலாம். அதற்காகவே ஒழுங்காக ஆடுவேன்.

உன் ஆல்டோனா


பிராக்டன்
30 டிசம்பர் 1953

ஆல்டோனாவுக்கு,

பாட்டில் இதோடு வருகிறது. கலவை மாறியிருக்கிறது, வாசனை வேறு மாதிரி இருந்தால் பயப்படாதே. போடும் விதமும் வேறு. தோலிலும் பூசு, வில்லையின் பின்பக்கத்திலும் பூசு. இரண்டும் காய்ந்து, விரல் வைத்தால் லேசாகப் பிடிக்கிற பதம் வரட்டும். அப்புறம் ஒரே அழுத்து. நன்றாக நிற்கும்.

கிறிஸ்துமஸ் போனது. பெத்ரோனெலா அம்மாள் ஹெர்ரிங் மீன் கொடுத்தனுப்பினாள். ஆறாம் தேதி கோவிலில், குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் நாடகம். தாடி ஒட்டுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஏன், எப்படி என்று கேட்காதே.

குளிராமல் பார்த்துக்கொள்.

காஸிஸ்


டொலீடோ, ஒஹையோ
11 ஜனவரி 1954

காஸிஸ்,

இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோபத்திலா வெட்கத்திலா என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியான ஆட்டத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சாயங்கால ஆட்டத்தில் நான் பாதியில் இருக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. நானும் அடங்கி, குஞ்சம் சுற்றாமல், விசிறியைக் கழுத்துவரை பிடித்துக்கொண்டு, கன்னியாஸ்திரி மாதிரி நடந்தேன். விளக்குச் சூடு முகத்தில் அடித்தது. இடதுபக்கம் ஏதோ வழுக்குகிற மாதிரி தெரிந்தது. கையைக் கொண்டுபோவதற்குள் வில்லை நழுவி விசிறிக்கு அடியில் வந்து, மேடை விளிம்பைத் தாண்டி, நேரே டிரம்மில் விழுந்தது. "டொம்" என்று கேட்டது. கொட்டகை முழுக்கச் சிரித்தது. வில்லை எங்கே போனது என்று பார்க்க நான் குனிந்தேன் பார், அதுதான் என் முட்டாள்தனம். விசிறியும் கூடவே குனிந்தது.

மூன்றாவது வரிசையில் இருந்த அதிகாரி எழுந்து நின்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகும் வேண்டுமென்றே கழற்றி எறிந்தேனாம். "என் கண்ணு முன்னாலயே, என்னைக் கிண்டல் பண்ணவே செஞ்சா" என்று சொன்னார். தானாக விழுந்தது என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. மேடையில் ஆம்பர் டெலேன் என்று ஆடுகிறவளை யார் நம்புவார்கள்? லாக்கப்பில் பெயர் கேட்டார்கள். மேடைப் பெயரைச் சொன்னேன். "பெத்த அம்மா வச்ச பேரு என்னம்மா?" என்றார்கள். சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஆல்டோனா ரிம்குஸ், பிராக்டன் என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. மானம் கப்பலேறிவிட்டது, காஸிஸ். ஹெஸ் ஜாமீன் கட்டி எடுத்தார். இருபத்தேழாம் தேதி விசாரணை. குற்றம் என்று தீர்ந்தால் கம்பெனியில் ஒரு கொட்டகையிலும் நான் கால் வைக்க முடியாது. பாஸ்டனும் இல்லை.

மார்பு கொப்பளித்துச் சிவந்து கிடக்கிறது. லாக்கப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

பாட்டிலைத் திறந்த அன்றைக்கே அந்த வாசனை எனக்குத் தெரிந்தது. நீ வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றும்போது வருகிற வாசனை. உன் கைபட்ட பார்சல், அதனால் உன் வாசனை வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். பைத்தியக்காரி, பாட்டிலை மூடாமல் கொஞ்ச நேரம் மேசையில் வைத்திருந்தேன்.

உண்மையைச் சொல். அந்தப் பாட்டிலில் என்ன ஊற்றினாய்?

ஆல்டோனா


பிராக்டன்
16 ஜனவரி 1954

ஆல்டோனா,

செருப்புச் சொல்யூஷன். அடிப்பாகம் ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன். கொஞ்சம் பெட்ரோல் விட்டு இளக்கி ஊற்றினேன்.

மீதியையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நீ எழுதியபடி டிசம்பரில் பாஸ்டன் போனேன். கிழவரிடம் ஸ்பிரிட் கம் வாங்கி, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு திரும்புகிறேன், பின்னால் நம் பங்குச் சாமியாரும் பாடகர் குழு வின்சாஸும் நிற்கிறார்கள். ராஜாக்களுக்குக் கிரீடம் வாடகைக்கு எடுக்க வந்திருக்கிறார்கள். வின்சாஸ் என் கையைப் பார்த்தான். "அட, காஸிஸ்! நீ எங்கடா இங்க? கையில என்ன பாட்டிலு?" என்றான். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. "தாடிக்கு. நம்ம நாடகத்துக்கு. சும்மா நிக்க வேணாமேன்னு நானே வாங்கிட்டேன்" என்றேன். அந்த நாடகத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? சாமியார் என் தோளைத் தட்டினார். பாட்டிலை வாங்கி அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பீடத்தில் நின்று, "நம்ம காஸிஸ் ரிம்குஸ் தன் கைக்காசுல பசை வாங்கிக் குடுத்திருக்கார்" என்று அறிவித்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. ஒத்திகைக்கெல்லாம் போய் உன் பாட்டிலைத் திறந்து, வின்சாஸின் மோவாயில் பூசினேன். ஒத்திகை முடிந்தால் சாமியார் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்வார்.

இன்னொரு பாட்டில் வாங்கியிருக்கலாம் என்று நீ கேட்பாய். இரண்டு தடவை அந்தத் தெருமுனை வரைக்கும் போனேன். கடை வாசலில் யாராவது தெரிந்தவர்கள் நிற்பார்களோ என்று இருந்தது, திரும்பிவிட்டேன். அப்புறம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு ஆம்பளையின் முழு எடையை நாளெல்லாம் தாங்குகிற சொல்யூஷன், இத்துனூண்டு தோலைத் தாங்காதா என்றேன். ஷூவைச் சுத்தியால் அடித்து ஒட்டுகிறோம், அச்சில் வைத்து இறுக்குகிறோம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? சூடுபட்டால் அது இளகும் என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். கலவை மாறிவிட்டது என்று உனக்குக் காது குத்தினேன்.

ராஜாக்களின் தாடி ஒன்றுகூட அசையவில்லை. நாடகம் முடிந்து பிய்த்தெடுத்தபோது வின்சாஸ் அலறினான்.

பேப்பர் இங்கேயும் வந்துவிட்டது. டொலீடோவில் இருக்கிற யாருடைய மாப்பிள்ளையோ வெட்டி அனுப்பியிருக்கிறான். பெத்ரோனெலா அம்மாள் இப்போது தையல் மெஷின் பற்றிக் கேட்பதில்லை. வெட்டு மேசையில் என் பக்கத்தில் நிற்பவன் என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டான், மரியாதைக்காக. அந்த மரியாதை செருப்பால் அடித்த மாதிரி இருக்கிறது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். எதுவானாலும் செய்கிறேன்.

காஸிஸ்


டொலீடோ
20 ஜனவரி 1954

காஸிஸ்,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். வின்சாஸின் மோவாய்! சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டதற்கு இவ்வளவு கூச்சமா உனக்கு? இருந்துவிட்டுப் போகட்டும். சண்டைக்கு இப்போது நேரமில்லை.

செய்ய வேண்டியது இது. பசை கெட்டதால் விழுந்தது, வேண்டுமென்றே இல்லை என்று செய்தவரே சொன்னால் நீதிபதி விட்டுவிடுவார் என்கிறார் ஹெஸ். "அந்த மேடம்கிட்ட கையெழுத்துப் போட்டு ஒரு கடுதாசி வாங்கிடு" என்கிறார். ஆகையால் நீ மேடம் காஸிமிராவாக எழுது. நல்ல காகிதம், பெண் எழுத்து மாதிரி சாய்த்து எழுது. பாஸ்டன் விலாசம் ஏதாவது போடு.

நீ இங்கே வரவேண்டாம். அதற்குக் காரணத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயாலும் நீ கேட்கக்கூடாது. எனக்குக் கல்யாணம் ஆனதே இங்கே யாருக்கும் தெரியாது. சேரும்போது ஹெஸ் கேட்டார், "தனி ஆளா?" என்று. ஆமாம் என்றேன். கல்யாணமானவள் என்றால் போஸ்டரில் சின்ன எழுத்துதான். அது மட்டும் என்றால் பரவாயில்லை. டாட்டியின் புருஷன் டிரம்பெட் வாசிக்கிறவன், இன்னொருத்தியைத் தேடி ஒரு வக்கீல் பூங்கொத்தோடு வருகிறான். என் புருஷன் ஷூ ஃபாக்டரியில் தோல் வெட்டுகிறான், விரல் நகத்தில் எப்போதும் கறுப்பு இருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோதிரத்தைப் பவுடர் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

நீயும் நானும் சரிக்குச் சரி ஆகிவிட்டோம். கடிதம் சீக்கிரம் வரட்டும்.

ஆல்டோனா


சின்சினாட்டி, ஒஹையோ
2 பிப்ரவரி 1954

காஸிஸ்,

கம்பெனி என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நேற்று இங்கே முதல் ஆட்டம். அதை உனக்குச் சொல்வதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்ல வேண்டும், இத்தனை நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

விசாரணையில் நீ பேசியது உனக்குத் தெரியும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நான் மேடத்தின் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். கதவு திறந்து நீ வந்தாய். கல்யாணத்துக்குத் தைத்த சாம்பல் நிறக் கோட்டு, கையில் மதியச் சாப்பாட்டு டப்பா. எனக்குச் சந்தோஷம் வரவில்லை காஸிஸ். ஐயோ, இவன் ஏன் வந்தான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"வில்லை செஞ்சது நான்தான் ஐயா" என்றாய். நீதிபதி சாட்சியின் பெயர் எழுதிய காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மேடம் காஸிமிரான்னு போட்டிருக்கு?" என்றார். "காஸிஸ்ங்க. ஷூ ஃபாக்டரில தோல் வெட்டுறவன்" என்றாய். கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. டாட்டி என் விலாவில் இடித்து, "அடியே, உன் மேடத்துக்கு மீசை இருக்குடி!" என்றாள். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். நானும் சிரித்தேன் காஸிஸ். நீ என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் உன் காது சிவந்தது தெரிந்தது.

அப்புறம் நீ டப்பாவைத் திறந்து இரண்டு தோல் துண்டும் இரண்டு பாட்டிலும் எடுத்தாய். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கைப் பக்கம் ஒன்றைச் சொல்யூஷனிலும் ஒன்றை ஸ்பிரிட் கம்மிலும் ஒட்டினாய். காயும்வரைக்கும் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். நீராவி ரேடியேட்டர் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நீ நின்றாய். சூட்டில் உன் முகம் சுருங்கியது, கையை எடுக்கவில்லை. சொல்யூஷன் துண்டு மெல்ல வழுக்கி, கீழே விழுந்தது. அந்த மூன்றாவது வரிசை அதிகாரி எழுந்து வந்து மற்றதை இழுத்துப் பார்த்தார். உன் கைமுடியோடுதான் வந்தது. நீ பல்லைக் கடித்தாய். "ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சும் தப்பானதை அனுப்பினது நான். அவங்க மேல தப்பில்ல" என்றாய். அவர் உன் கையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

நீதிபதி கடைசியாக ஒன்று கேட்டார். "இந்தப் பொண்ணு உனக்கு என்ன வேணும்?"

அப்போதுதான் நீ என்னைப் பார்த்தாய். ஒரு வார்த்தை போதும். எழுந்து, இவர் என் புருஷன் என்று நான் சொல்லியிருந்தால் போதும். ஒருபக்கம் ஹெஸ், ஒருபக்கம் டாட்டி. நான் தரையைப் பார்த்தேன். "இவங்களுக்குச் சாமான் செஞ்சு குடுக்கிறேன் ஐயா" என்று சொன்னாய். என்னை இவங்க என்றாய். நான் மறைத்ததை நீயும் மறைத்தாய்.

வழக்கு தள்ளுபடியாகி வெளியே வந்தபோது எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நீ பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்பது தெரிந்தது. மடித்த சட்டைக் கையை நீ இறக்கிவிடவே இல்லை, தோல் வெந்திருந்ததால் இருக்கும். ஹெஸ் எல்லாருக்கும் சாப்பாடு என்று இழுத்துக்கொண்டு போனார். நான் போனேன். வயிறு முட்டச் சாப்பிட்டேன் வேறு.

லாக்கப்பில் இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இல்லை. அது மற்றவர்கள் பார்த்த வெட்கம். இதை யாரும் பார்க்கவில்லை, அதனால்தான் தாங்க முடியவில்லை.

உன் கை எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுது.

ஆல்டோனா


பிராக்டன்
14 பிப்ரவரி 1954

ஆல்டோனா,

கை ஆறிவிட்டது. முடி முளைக்கிறது.

நீ சிரித்ததைப் பார்த்தேன். தரையைப் பார்த்ததையும் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது உன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், முடியவில்லை. நான் வாஷிங்டன் தெருமுனையிலிருந்து இரண்டு தடவை திரும்பியவன். உனக்கு ஒரு தடவைதான் ஆகியிருக்கிறது.

ஆனால் வலித்தது. அதை மறைக்கப் போவதில்லை. இவங்க என்று சொல்லும்போது நாக்கு என்னுடையதாகவே இல்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். சாமியாரிடம் போய், "அலமாரியில இருக்கிற பாட்டில் எனக்குத் திரும்ப வேணும் சாமி" என்றேன். "அடுத்த வருஷத் தாடிக்கு வேணுமேப்பா" என்றார். "தாடிக்குன்னு நான் பொய் சொன்னேன். அது என் பொண்டாட்டியோட பாட்டில். அவ ஆட்டக்காரி. வில்லை ஒட்டிக்க வாங்கினது" என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் எப்படியோ பெரிதாக வந்துவிட்டது. வின்சாஸ் தன்னை அறியாமல் மோவாயைத் தடவிக்கொண்டான். பெத்ரோனெலா அம்மாள், "அப்போ தையல் மெஷின்?" என்றாள். "ஒரு மெஷினும் கெடையாது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சாமியார் சாவியை எடுத்தார்.

தைரியமாக இருந்தது என்று நினைத்துவிடாதே. வீடு வரைக்கும் முகம் எரிந்தது. இன்றைக்கும் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. இருந்தாலும் திரையை இழுக்காமல்தான் இப்போது மேசையில் உட்காருகிறேன். பெத்ரோனெலா அம்மாள் ஜன்னல் வழியே பார்க்கிறாள். பார்க்கட்டும்.

பாதிப் பாட்டில் இருக்கிறது, அனுப்பியிருக்கிறேன். இது அசல். கோர்ட்டில் ஒட்டிக் காட்டியது, வீட்டில் கிடந்த உன் பழைய பாட்டிலின் அடிமிச்சம். மெல்லிசாக, தோலில் மட்டும் பூசு. சாராயம் தொட்டுத்தான் எடுக்க வேண்டும், இழுத்துப் பிய்க்காதே. டாட்டி கேட்ட சிவப்பு வில்லையும் உள்ளே இருக்கிறது. மேடம் அனுப்பினதாகவே இருக்கட்டும்.

பாஸ்டனுக்கு வருவேனா என்று தெரியவில்லை. மேடைக்குப் பின்வாசலில் நின்று, நான் யார் என்று காவல்காரன் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் இன்னொரு தடவை நிற்க என்னால் ஆகாது.

காஸிஸ்


பாஸ்டன்
3 மார்ச் 1954

என் காஸிஸ்,

வந்து சேர்ந்துவிட்டோம். உன் ஊருக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை, இருந்தும் ரயில் ஏறி வராமல் கடிதம் எழுதுகிறேன். உன் முகத்தை நேரே பார்க்க இன்னும் பயமாக இருக்கிறது.

டாட்டியிடம் சிவப்பு வில்லையைக் கொடுத்தேன். கண்ணாடி முன்னால் வைத்துப் பார்த்துவிட்டு, "அந்த மீசைக்கார மேடத்துக்கு ஒரு முத்தம் குடுக்கணும்டி" என்றாள். "குடுத்தா கண்ணை நோண்டிருவேன். அவர் என் புருஷன்" என்றேன். கையிலிருந்த பவுடர் பஞ்சைக் கீழே போட்டுவிட்டாள். "கோர்ட்டுல ரேடியேட்டர்கிட்ட கையைச் சுட்டுக்கிட்டு நின்னாரே, அவரா? அவரை பஸ் நிறுத்தத்துல விட்டுட்டு வந்து எங்ககூட உக்காந்து கறி தின்னியாடி நீ?" என்றாள். எனக்கு அது வேண்டியதுதான். ஹெஸ் காதுக்கும் போயிருக்கும், போஸ்டரில் எழுத்து சின்னதாகட்டும். மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டேன், பவுடர் இன்னும் முழுக்கப் போகவில்லை.

பின்வாசல் காவல்காரர் ஒரு கிழ ஐரிஷ்காரர், காது கொஞ்சம் மந்தம். சனிக்கிழமை ஒருத்தர் வருவார், பெயர் காஸிஸ் ரிம்குஸ் என்று சொல்லி வைத்தேன். "யாரும்மா அவரு? ரசிகரா?" என்றார். மேடை வேலைக்காரர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். புருஷன் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை. மூன்றாவது தடவை கத்தினேன், தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆகவே உன்னை யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இதெல்லாம் நீ இல்லாத இடத்தில் சொன்னது. நீ எதிரில் நிற்கும்போது, உன் பக்கத்தில் நின்று சொல்ல முடிகிறதா என்று எனக்கு இன்னும் தெரியாது. நீ வந்தால்தான் தெரியும்.

சனிக்கிழமை ஃபாக்டரியிலிருந்து நேரே வா. சட்டையை மாற்ற வேண்டாம்.

உன் ஆல்டோனா